லின் அண்ணை கொண்டுவந்த கஞ்சி

டும். பிறகு ஒரு சீழ்க்கை. பிறகு வெடி. தொலைபேசியில் கேட்கிறது. 2009, சித்திரை மாதம். என் தங்கை வதனி முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் இருக்கிறாள். நான் ஜெர்மனியில், எசன் நகரில், லின் அண்ணையின் கடைப் பின்னறையில் நிற்கிறேன்.

"கிட்ட வருது! பிள்ளையைப் பிடியுங்கோ! படுங்கோ!"

குளிர்பெட்டிகள் இரைகின்றன. அவள் குரல் அமுங்குகிறது. லின் அண்ணை ஓடிவந்து வயர்களைப் பிடுங்குகிறார். கடை அடங்கியது. அப்போதுதான் "அக்கா" என்ற சத்தம் கேட்டது. அதோடு லைன் போய்விட்டது. பெட்டியிலிருந்த இறால் எல்லாம் பழுதானது. அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவர் வியட்நாம் சீனர். தானும் ஒரு போருக்குத் தப்பிப் படகேறி வந்தவர். சந்தையில் மேசை போட்டு மரக்கறி விற்றுத்தான் கடை வைத்தார். இந்தப் பக்கத்துச் சீனர்களுக்கு அவரே தலைவர். புதிதாக வந்தவர்களை அலுவலகத்தில் நாள் குறித்துத் தரும் டெர்மினுக்குக் கூட்டிப்போவார். தமிழரையும்தான். எசனில் எங்களுக்கு முதலில் முருங்கைக்காய் விற்றவர் அவர். எனக்கு வேலை தந்தவரும் அவர்.

வைகாசியில் வதனியின் சாவுச் செய்தி வந்தது. உடல் இல்லை. படத்தை வைத்து அழுதோம். செத்தவீட்டில் அடுப்பு எரியாது, அயலவர்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். அது லின் அண்ணைக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளைச் சட்டையோடு, ஒரு பானை கஞ்சியோடு வாசலில் நிற்கிறார். அங்கே விழுந்தவை சீனாவில் செய்த ஷெல் குண்டுகள் என்று அப்போது எங்கள் ஆட்களிடம் ஒரே பேச்சு. என் கணவரின் தமையன் எழும்பிக் கத்துகிறார்.

"சீனனை உள்ள விடாதேங்கோ! இவங்கட ஷெல்லாலதான் எங்கட பிள்ளையள் செத்தது!"

எய்தவன் இருக்க அம்பை நோகிற சனம் நாங்கள். இந்த மனிதர் அம்புகூட இல்லை. வீடு நிறைய ஆட்கள். ஒருவரும் கத்தியவரைத் தடுக்கவில்லை.

அவர் பானையை வைத்துவிட்டுச் சொல்லாமல் நடந்தார். செத்தவீட்டிலிருந்து போகிறவர் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. வீட்டாரும் கூப்பிடக்கூடாது. அந்த முறையைச் சாட்டி எல்லாரும் இருந்துவிட்டார்கள். நான் வெறுங்காலோடு படியிறங்கி ஓடுகிறேன்.

"லின் அண்ணை! நில்லுங்கோ!"

திரும்பினார். கண் சிவந்திருந்தது. கடையில் எங்களிடம் பழகிய தமிழில் சொன்னார்.

"கூப்பிடக் கூடாது. உங்களுக்குக் கூடாது. உள்ள போங்கோ."

எங்கள் முறையை அவர்தான் காத்தார். பின்னேரம் எல்லாருக்கும் பசித்தது. அதே சனம் அந்தக் கஞ்சியை ஊற்றிக் குடித்தது. கத்தியவர் இரண்டு கோப்பை குடித்தார். வெட்கத்தில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இழந்தவர்களை எழுதுகிறேன். தங்கை வதனி. அவள் கணவர். மூத்த பிள்ளை. கடைக்குட்டியைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. அங்கே இவ்வளவு பேர். இங்கே ஒருவர். வேலை போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. ஆனால் அதுவரை என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்ட லின் அண்ணை, அதற்குப் பிறகு மரியாதையாக, ஜெர்மன்காரர் அந்நியப் பெண்களைக் கூப்பிடுகிறதுபோல, ஃப்ராவ் என்றுதான் கூப்பிட்டார்.