பிளேடைத் தட்டிக் காட்டினேன்

இந்தக் காலத்தில் யாரும் எதையும் காது கொடுத்துக் கேட்பதில்லை. பஸ் ஏறினால் எல்லார் காதிலும் ஒரு பொத்தான். கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துகிறான், இவர்கள் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். டீக்கடையில் ஒரு பேச்சை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் போனை எடுத்துத் தேய்க்கிறார்கள். ஜனங்கள்தான் அப்படி என்றால் போலீஸ் ஸ்டேஷனும் அப்படித்தான் இருக்கிறது. நான் ஒன்று சொல்கிறேன், அவர்கள் வேறொன்று எழுதுகிறார்கள்.

திண்டிவனத்தில் ரோடு வெட்டும்போது மிஷினின் பிளேடு தெறித்து அறிவுச்செல்வன் செத்துப்போனான். அந்த மிஷினைக் கடைசியாகச் சர்வீஸ் பண்ணியவன் நான். கிழவனின் அலட்சியம் என்று எழுதப் பார்த்தார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் ஆதிநாராயணன். விழுப்புரம் மாம்பழப்பட்டு ரோட்டில் கடை. அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் முடிந்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரோட்டையும் கான்கிரீட்டையும் அறுக்கிற பெட்ரோல் கட்டர்தான் என் கடைக்கு அதிகம் வரும். ஒரு ஆள் கையில் பிடித்து ஓட்டுகிற மிஷின், முன்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரும்பு பிளேடு, அதற்கு மேல் ஒரு மூடி.

சர்வீஸ் என்றால் முதலில் தூசி. சிமெண்டுத் தூசி ஃபில்டரை அடைத்தால் இஞ்சினுக்கு மூச்சு முட்டும். அப்புறம் பெல்ட். அப்புறம் ஸ்லோ ஸ்பீடு. கையை விட்டால் இஞ்சின் ஓட வேண்டும், பிளேடு நின்றுவிட வேண்டும். கடைசியாக பிளேடு. அதை விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பிளேடு மணி மாதிரி கணீர் என்று இழுக்கும். விரிசல் விட்ட பிளேடு டொக்கென்று அமுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூடக் காதுக்குத் தெரியும்.

அறிவுச்செல்வன் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். குடிதண்ணீர் பைப் புதைக்க ரோட்டை வெட்டிக் கொடுக்கிற வேலையை எடுத்துச் செய்துகொண்டிருந்தான். குடிக்க மாட்டான், கெட்ட வார்த்தை பேச மாட்டான். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவனிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். என் கடைக்கு வரும்போதெல்லாம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வருவான். நான் பேசினால் பல்லை எண்ணுகிறவன் மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான். எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். பதில் சொன்னால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"ஃபில்டரைத் தட்டினியாடா?" என்று ஒருநாள் கேட்டேன். குனிந்து வேலை பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"சாப்ட்டேங்க அய்யா," என்றான். "நீங்க சாப்ட்டீங்களா?"

கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னைக் கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் ஒருமுறை அவன் மிஷினுக்குப் புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தேன். இந்த இஞ்சினுக்கு ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். "புது பிஸ்டன், பழகற வரைக்கும் ஆயிலைக் கூடக் கலந்து ஊத்து, ரொம்ப முறுக்காத," என்றேன். தலையாட்டினான். போய் எப்போதும் போல ஊற்றி, முழு வேகத்தில் முறுக்கியிருக்கிறான். பிஸ்டன் சூட்டில் பிடித்துக்கொண்டு இஞ்சின் நின்றுபோனது. அவன் மிஷின், அவன் நஷ்டம், அது எனக்குப் பெரிசில்லை. ஆனால் எதிர்க்கடை குப்பம்மாள் டீ ஆற்றிக்கொண்டே கேட்டாள்:

"இன்னா ஆதிநாராயணா, நீ பார்த்த மிஷினு ஒரு தெரு தாண்டறதுக்குள்ள மூச்சை வுட்டுடுச்சாமே? உனக்கும் மிஷினுக்கும் ஒண்ணாவே வயசாவுதா?"

"யாரு சொன்னது?"

"திண்டிவனத்துல வேலை செய்யற பசங்க பேசிக்கினு போனாங்க. நான் இன்னாத்தைக் கண்டேன்?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். கடை போட்ட நாளிலிருந்து என் வேலையை ஒருத்தனும் அப்படிச் சொன்னதில்லை.

மிஷின் மறுபடி என்னிடமே வந்தது. அவன் வேறு எங்கும் போகவில்லை. பிஸ்டனை மாற்றினேன், பெல்ட்டை இழுத்து வைத்தேன், ஸ்லோ ஸ்பீடைப் பிடித்தேன். அது மாதிரி ஒரு வேலையை நான் சமீபத்தில் செய்ததில்லை. பிளேடும் கூடவே வந்திருந்தது. தண்ணீர் விடாமல் ஓட்டி, நடுவில் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. விரலில் மாட்டித் தட்டினேன். டொக்.

வேறு பிளேடு என் கடைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. இவன் கேட்கிறானா இல்லையா என்று இன்றைக்குப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

சாயங்காலம் வந்தான். அவன் மூக்குக்கு நேரே பிளேடைத் தூக்கிப் பிடித்துத் தட்டிக் காட்டினேன். ஒருமுறை இல்லை, மூன்றுமுறை. பச்சைக் குழந்தைக்கும் தெரியும் அது நல்ல சத்தம் இல்லை என்று. அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"அய்யா கை வெச்சா சரியாத்தான் இருக்கும்," என்று கத்தினான்.

அந்த பிளேடையே மாட்டினேன். "இது செத்த பிளேடு, இதை ஓட்டாத," என்றும் சொன்னேன். வாயைத் திறந்து சொன்னேன். எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் திண்டிவனத்தில் மரக்காணம் ரோடு திரும்புகிற இடத்தில் ரோட்டில் வைத்து முறுக்கியிருக்கிறான். பிளேடின் ஒரு துண்டு கழுத்தில் பாய்ந்தது.

அவனோடு வேலை செய்கிற இருதயராஜ்தான் கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். "நீங்க பார்த்த மிஷினு சரியில்லன்னு ஸ்டேஷன்ல பேசிக்கிறாங்க பெரியவரே," என்றான். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன்.

இன்ஸ்பெக்டர் அம்பிகா என்கிற அம்மா மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார்.

"வயசாயிடுச்சு. கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது. விரிசலைப் பார்க்காம வுட்டுட்டீங்க. அப்படித்தானே பெரியவரே? அலட்சியம்னு போட்டா ஜாமீன்ல வீட்டுக்குப் போயிடலாம்."

"விரிசல் இருந்தது எனக்குத் தெரியும்," என்றேன். "தெரிஞ்சுதான் மாட்டினேன். அவன்கிட்டயும் சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

"மிஷினை ஓட்டிக் காட்டும்போது."

"இஞ்சின் ஓடிக்கினு இருந்துச்சா?"

"ஓடினாத்தான் ஓட்டிக் காட்டறது."

"அவரு மூஞ்சியைப் பார்த்துச் சொன்னீங்களா?"

"குனிஞ்சி மிஷினைப் பார்த்துக்கினு சொன்னேன். வேலை செய்யறவன் வேலையைத்தான் பார்ப்பான்."

அவர் அதை எழுதிக்கொண்டார். அப்புறமும் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு இன்னொரு வழி சொன்னார். பிளேடுக்கு மேல் மூடி இருந்திருந்தால் துண்டு அதில்தான் மோதியிருக்கும், மூடியைச் சரியாக முடுக்காமல் விட்டிருப்பீர்கள், போகிற வழியில் கழண்டிருக்கும், கை நடுக்கம் யாருக்கும் வரும் என்றார்.

நான் இரண்டு கையையும் அவர் மேஜை மேல் நீட்டினேன்.

"பாருங்க, நடுங்குதா? மூடி தானா கழண்டுக்கல. நான்தான் கழட்டினேன். எல்லா போல்ட்டையும் கழட்டி, துடைச்சி, மூடியோட சேர்த்து சாக்குல போட்டு அவன் வண்டியில வெச்சேன். ஒரு போல்ட்டை லூஸா வுடற ஆளு நான் இல்ல."

"எதுக்குக் கழட்டினீங்க?"

"மூடி இல்லன்னா வெட்டற கோடு நல்லாத் தெரியும்."

"அவரு கழட்டச் சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப கழட்டினதை அவருகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல. தரையில கோடு இழுத்துக் காட்டினேன். கண்ணைத் தொட்டுக் காட்டினேன். உடனே புரிஞ்சிக்கினான். கும்புட்டுட்டுப் போனான்."

இன்ஸ்பெக்டர் அம்மாவின் பேனா நின்றுவிட்டது.

சுவரோரம் பெஞ்சில் அறிவுச்செல்வன் பொண்டாட்டி தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள்.  எழுந்து வந்து கைக்குட்டையைப் பிரித்து ஒன்றை மேஜை மேல் வைத்தாள். மொச்சைக்கொட்டை அளவு, தோல் நிறம், மெல்லிசாக ஒரு குழாய். அவன் காதில் நான் பார்த்த அதே சாமான்.

"இது பாட்டுக் கேக்கறது இல்லீங்க அய்யா," என்றாள். "காது கேக்கற மிஷினு. கட்டர் சத்தத்துலயே அவருக்குக் காது போயிடுச்சு. வெக்கப்பட்டுக்கினு வீட்லகூட இதைப் போட மாட்டாரு. உங்க கடைக்கு வர்றப்ப மட்டும்தான் மாட்டிக்கினு வருவாரு. அய்யா சொல்றது ஒண்ணும் தவறக்கூடாதும்பாரு. அப்பவும் பாதிதான் கேக்கும், மீதியை அய்யா வாயைப் பார்த்துப் புடிச்சிக்குவேன்னு சொல்வாரு."

"சொல்லியிருக்கணும்," என்றேன். "எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அழவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவனைப் போலவே.

"தெரியாதுன்னா மூடியைக் கழட்டினதை மட்டும் ஏன் கையால காட்டினீங்க?"

 தேவையில்லாத கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

இன்ஸ்பெக்டர் அம்மா எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார், படித்தும் காட்டினார். தெரிந்தே, வேண்டுமென்றே என்று வந்தது. அலட்சியம் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

எழுந்தபோது மேஜை ஓரத்தில் உடைந்த பிளேடின் மீதி பிளாஸ்டிக் பையில் கிடந்தது. பைக்கு மேலேயே நகத்தால் தட்டினேன். டொக். இன்ஸ்பெக்டர் அம்மா நிமிர்ந்தார். வாசலில் நின்ற ஏட்டு திரும்பிப் பார்த்தார். தையல்நாயகியும் பார்த்தாள். கேட்கிறவர்களுக்குக் கேட்கத்தான் செய்கிறது. நான் அவனுக்கு மூன்றுமுறை தட்டிக் காட்டினேன். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்வான்?

ஏட்டு என் கையைப் பிடிக்க வந்தார். "எனக்கு நடக்கத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் நடந்தேன். பின்னாலிருந்து தையல்நாயகி என்னவோ சொன்னாள். நான் நின்று கேட்கவில்லை.