கொட்டிலில் ஒரு காருக்குத்தான் இடம்

வெயிலில் நிற்கும் காரின் வர்ணம் சீக்கிரம் வெளுத்துப்போகும். கல்முனை வெயிலோடு கடற்காற்றும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். இதை மறுப்பவர் சபையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை என்னிடம் கேட்டிருப்பது ஒரே கேள்வி. என் மருமகன் பர்ஸான் ஏன் ஒரு பையோடு கிளம்பி மருதமுனையில் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார்? அவருடைய கார் என்ஜின் உருகியது ஊருக்கே தெரியும். அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்பதை எழுதித் தரச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன். என்னிடம் நேரம் நிறைய இருக்கிறது.

நான் அப்துல் ஹமீட். முப்பத்துமூன்று வருடம் ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஐஸ் ஹமீட் என்றால் பெரியநீலாவணை முதல் வினாயகபுரம் வரை தெரியும். நான் அமோனியா வால்வைத் திறந்தால் சாய்ந்தமருதுக் கடலில் மீன்கள் விறைத்துத் தாமாகவே கரைக்கு வரும். இதில் மிகை எதுவும் இல்லை. ஒருமுறை சுறா ஒன்று தும்மியதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

நம் பக்க வழக்கம் சபைக்குத் தெரியும். வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். நானும் வீட்டை மகள் ஸம்றாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவி நாச்சியாவோடு பின்னறைக்கு ஒதுங்கினேன். மனப்பூர்வமாகத்தான். பர்ஸான் தன் ஜப்பான் டர்போ காரோடு வந்து சேர்ந்தார். கொட்டிலில் ஒரு காருக்குத்தான் இடம். என்னைவிட இரண்டே வயது இளைய என் மொறிஸ் கார் முருங்கை மரத்தடிக்குப் போனது.

பர்ஸான் நல்ல பிள்ளை. கைத்தறிச் சாறன் வியாபாரக் குடும்பம், என்னைக் கண்டால் எழும்பி நிற்பார். வந்த அன்றே கேட்டார்.

"மாமா, உங்கட கார் உள்ளுக்கு நிக்கட்டும். நான் வெளியில விடுறன்."

"சீச்சீ, வேணாம் மகன்" என்றேன்.

அவர் "சரி மாமா" என்று உள்ளே போய்விட்டார்.

சோற்றுக்கு ஒருவரைக் கூப்பிட்டாலே மூன்று தரம் கூப்பிடுகிற ஊர் இது. முதல் "வேணாம்" மரியாதைக்கு, இரண்டாவது வெட்கத்துக்கு, மூன்றாவதில் கை கழுவப் போவோம். பர்ஸான் ஒரு தடவைதான் கேட்டார். நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினாலு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன, ஒரு தரம்கூட வாய்திறந்து சொன்னதில்லை.

அவர் கால்மைல் பந்தயக்காரர். நேர் ஓடுபாதையில் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பச்சை விளக்கு எரிந்ததும் பாயவேண்டும். பன்னிரண்டு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். டர்போ காருக்கு ஒரு குறை உண்டு. மிதித்தவுடன் டர்போ விழிக்காது, கொஞ்சம் சோம்பல் முறித்துத்தான் எழும்பும். அதற்குள் எதிராளி போய்விடுவார். பர்ஸான் இதைச் சொல்லிக் கவலைப்பட்டபோது நானாகத்தான் நைட்ரஸ் போத்தலைப் பற்றிச் சொன்னேன். அந்த வாயு என்ஜினுக்குள் போனால் குளிர்ச்சியும் தரும், நெருப்புக்குத் தீனியும் போடும், டர்போவைக் காதைப் பிடித்து எழுப்பியும் விடும். ஒரே நிபந்தனை, வாயு எவ்வளவு போகிறதோ அதற்கு ஏற்ற பெற்றோலும் கூடப் போகவேண்டும். பெற்றோல் குறைந்தால் உள்ளே சூடு ஏறி பிஸ்டன் மெழுகாகிவிடும். அதற்காக இரண்டு சிறு பித்தளை ஜெட்டுகள், ஒன்று வாயுவுக்கு, ஒன்று பெற்றோலுக்கு. மிளகுப் பருமன், நடுவில் ஊசித் துளை.

மூன்று வாரம் பாடுபட்டு எல்லாவற்றையும் காரில் சரியாகவே பொருத்திப் பூட்டினேன். வெள்ளோட்டத்தில் அந்தக் கார் போன வேகத்தில் அதன் நிழல் பின்னால் விடுபட்டு, சொறிக்கல்முனைப் பக்கம் கொஞ்ச நேரம் வழி தெரியாமல் திரிந்தது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் மற்றவரிடம் என்னைக் காட்டிக் கேட்டார்.

"இவர் ஆரு?"

"இவரா? பர்ஸான்ட மாமா."

முப்பத்துமூன்று வருட ஐஸ். நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

அன்று பின்னேரமே பெரியநீலாவணையில், என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் நல்லரெத்தினத்தின் லேத் பட்டறைக்குப் போய், பெற்றோலுக்கான அதே ஜெட்டைப் பாதித் துளையோடு செய்து தரச் சொன்னேன்.

"காக்கா, இந்த ஓட்டைக்குள்ளால எறும்பே மூச்சைப் பிடிச்சிக்கிட்டுத்தான் போகணும். பெற்றோல் எப்பிடிப் போகும்?"

"சின்னச் சோதனை ஒண்டு, நல்லரெத்தினம்."

பந்தயம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் தெருவில் ஆண்கள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நான் கடைசி வரிசையில் தொழுது, ஸலாம் கொடுத்து முடித்ததும் எழும்பி வீட்டுக் கொட்டிலுக்குப் போனேன். பர்ஸான் முன்வரிசையில் வெற்றிக்காக நீண்ட துஆ கேட்டுக்கொண்டிருந்தார். ஜெட்டை மாற்ற ஆறு நிமிடம் எடுத்தது. ஜும்ஆவுக்குப் பிறகு தொழவேண்டிய பின் சுன்னத்து தவறிவிட்டது. சபை எனக்கு மன்னிப்புத் தரவேண்டிய விஷயம் உண்மையில் இதுதான்.

மகளை நினைத்துத்தான் செய்தேன். ஸம்றாவுக்கு ஏழு மாதம். பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் புருஷன் இப்படிப் பறந்து திரிவது ஆபத்தில்லையா? என்ஜின் இல்லாத காரில் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

பச்சை விளக்கு எரிந்தது. பர்ஸான் நைட்ரஸ் பொத்தானை அழுத்தினார். முதல் ஐந்து நொடி, சொல்லத்தான் வேண்டும், மிக அழகாக இருந்தது. என் கணக்குப்படி ஒன்பதாவது நொடியில் ஆகவேண்டியது ஏழாவதிலேயே ஆனது. வயது போனால் கணக்கும் பிசகும். முன்மூடி எழும்பியது, நெருப்பு கொஞ்சம் வந்தது. பர்ஸானுக்கு ஒன்றும் இல்லை. இடது புருவம் மட்டும். அது வளரும்.

முதலில் ஓடிப்போய் அணைத்தவன் நான். அதை யாரும் பேசுவதில்லை. தீயணைக்கும் சிலிண்டர் என் கையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸம்றா கேட்டாள்.

"வாப்பா, காலையிலயிருந்து அந்த சிலிண்டரைக் கக்கத்துக்குள்ளயே வெச்சிருந்தீங்க. நெருப்புப் பத்தும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அனுபவம் என்றேன். அவள் நம்பியிருப்பாள். ஆனால் அந்த நேரம் பார்த்துத் துக்கம் விசாரிக்க வந்த நல்லரெத்தினம், பர்ஸானின் முன்னாலேயே, "காக்கா, அந்த எறும்பு ஓட்டை சரிவந்ததா?" என்று கேட்டார். வெகுளி மனுஷன்.

பர்ஸான் போய் எரிந்த என்ஜினுக்குள் கைவிட்டு அந்த ஜெட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னைப் பிடிக்காட்டி வாயால சொல்லியிருக்கலாமே, மாமா. காருக்குள்ள நான்தானே இருந்தன்?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாச்சியா என்னோடு கதைப்பதில்லை. சோற்றுக் கோப்பையை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுகிறாள். ஸம்றா இரண்டு நாள் தந்திருக்கிறாள். நான் சபைக்கு உண்மையை எழுதி, மருதமுனைக்குப் போய் அவரை அழைத்து வராவிட்டால், வீட்டைப் பூட்டிவிட்டு அவளும் மாமியார் வீட்டுக்குப் போவாளாம். நம் ஊரில் பெண்பிள்ளை தன் வீட்டை விட்டுப் போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதனால்தான் இதை எழுதுகிறேன். என்ஜினை உருக்கியது நான்தான். தெரிந்தே செய்தேன்.

சபை விரும்பினால் இன்றே மருதமுனைக்குப் போகிறேன். வாருங்கள் மகன் என்று கேட்பேன். ஒரு தடவை கேட்பேன்.

அவருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டியது ஒன்று உண்டு. எரிந்த காரில் டர்போவுக்கும் நைட்ரஸ் போத்தலுக்கும் ஒரு சேதமும் இல்லை. துருப்பிடிக்க விடுவது வீண்விரயம், அது மார்க்கத்தில் இல்லை. ஆகவே இரண்டையும் என் மொறிஸில் பூட்டியிருக்கிறேன். இம்முறை பெற்றோல் ஜெட்டின் துளை மிகச் சரியான அளவு. அடுத்த பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்தாகிவிட்டது, ஐஸ் ஹமீட் என்று. இப்படிப்பட்ட காரை வெளியில் விடமுடியாது என்பதைச் சபை விளங்கிக்கொள்ளும்.

பர்ஸான் தாராளமாக வரட்டும். வேறு கார் வாங்கினால் அதையும் கொண்டுவரட்டும். முருங்கை மரத்தடியில் இடம் இருக்கிறது. அங்கே வெயில் அவ்வளவாக இல்லை.