மோசஸ் திட்டின் முதல் தலைவர்

— துடுப்பை இப்படிக் கொடுங்க கொழுந்தனாரே. நீங்க வலிக்கிற வலிப்புக்குப் படகு ஊர்க்கூட்டத்துக்குப் போகாது, சவானா பட்டணத்துக்குத்தான் போகும்.

— சவானாவுக்கே போயிடலாமே அண்ணி. அங்க என்னை யாருக்கும் தெரியாது.

— ஏன் தெரியாது? பேப்பர்ல போட்டோ வந்திருக்கே! 'மோசஸ் திட்டின் தலைவர் திரு. சீஃபஸ் கிரோவ்னர்.' கையில தட்டு, தட்டுல சுட்ட பன்னி விலா, வாயோரத்துல மசாலா.

— மசாலா தெரியுதா போட்டோவுல?

— மசாலாதான் தெரியுது. மூஞ்சியைத்தான் தேட வேண்டியிருக்கு.

— மனுசன்தானே அண்ணி. பசி நேரம். அந்தப் பிரிட்சர்ட் கவுன்ட்டி ஆபீஸ் கார்ல வந்து இறங்கினான்...

— அவன் வருசா வருசம்தான் வந்து இறங்கறான். இறங்கினதும் என்ன கேப்பான்?

— "உங்க ஊர்த் தலைவர் யாரு?"

— நாம என்ன சொல்லுவோம்?

— "அப்படி யாரும் இல்ல. கூட்டம் கூடும்போது வந்து எல்லாரையும் கேளுங்க."

— என் மாமனார் காலத்துலேருந்து இதே பதில்தான். அவனும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போயிடுவான். ஒரு தடவை நம்ம நேட் மூக்கு முட்டக் குடிச்சிட்டுக் கீழ கிடந்தான். அவன்கிட்டயும் கேட்டுப் பார்த்தான் பிரிட்சர்ட். மண்ணுல படுத்தபடியே, கண்ணைக்கூடத் திறக்காம, "கூட்டத்துல வந்து கேளு"ன்னான் நேட். நீங்க குடிக்காம, நெட்டுக்குத்தா நின்னுக்கிட்டு, "நான்தான்"னு சொல்லியிருக்கீங்க!

— சொல்லிட்டேன் அண்ணி.

— சொன்னதோட விட்டீங்களா? அவன் நீட்டின காகிதத்துல கையெழுத்து வேற. சதுப்புக்கு நடுவுல ரோடு போட ஊருக்கு ஆட்சேபணை இல்லையாம். யாரு போறதுக்கு ரோடு? குச்சியை வச்சுப் பந்து தட்டற பணக்காரங்க போறதுக்கு. எது மேல ரோடு? நம்ம சிப்பித் திட்டு மேல.

— ரோடுன்னு அவன் சொல்லவே இல்ல. 'அணுகுவழி'ன்னான். நான் ஏதோ சின்ன வரப்பு மாதிரின்னு நினைச்சேன்.

— வரப்பு! ரெண்டு லாரி எதிரும் புதிருமாப் போற வரப்பு! கொழுந்தனாரே, நம்ம முன்னோருங்க அடிமையா இருந்த நெல்லுப் பண்ணையிலேருந்து சங்கிலியை அறுத்துக்கிட்டு இந்தச் சேத்துக்குள்ள ஓடி வந்தாங்களே, ஏன் தங்களுக்குத் தலைவர்னு ஒருத்தரை வச்சுக்கல?

— தெரியாத மாதிரி கேக்கறீங்களே. தலைவன்னு ஒருத்தன் இருந்தா அவனைப் பிடிச்சாப் போதும், எல்லாரையும் பிடிச்ச மாதிரி. தேடி வந்தவனுக்கு எந்தக் கழுத்துல கயிறு போடறதுன்னே தெரியக்கூடாது.

— நாய்களோட வந்தவனுக்கே கிடைக்காத கழுத்து, ஒரு தட்டுக் கறியோட வந்தவனுக்குக் கிடைச்சிடுச்சு.

— நல்ல கறி அண்ணி.

— வாயை மூடுங்க.

— உங்க மக ஜுனிபர் அட்லாண்டாவுல படிச்சிட்டு வந்து, நாம இங்க நடத்தற நடப்புக்கெல்லாம் ஒரு பேர் சொன்னாளே... என்ன அது?

— சமூகச் சூழலியல்.

— அதேதான். எனக்கு அது இருக்குன்னு அவ சொன்னதும் வியாதின்னு பயந்து ரெண்டு நாள் வெந்நீர் குடிச்சேன்.

— மனுசனை மனுசன் மிதிக்கிறது நின்னாத்தான் மண்ணையும் தண்ணியையும் மிதிக்கிறது நிக்கும்னு அர்த்தமாம். நான் சொன்னேன், அடியே, அதுக்கு அட்லாண்டா எதுக்கு, ஒரு நாள் என்கூட சிப்பி பொறுக்க வான்னு. வந்தா. செருப்பைச் சேத்துல விட்டுட்டுப் போனா.

— அண்ணி, கூட்டத்துல எனக்கு என்ன தண்டனை கேக்கப் போறீங்க? குத்தம் சொல்றது நீங்கதானாமே.

— நான்தான். ஊரைக் கேக்காம ஊருக்காகப் பேசினவருக்கு என்னவோ அதைத்தான் கேப்பேன். ரெண்டு பருவம் சிப்பித் திட்டுல கால் வைக்கக் கூடாது.

— ரெண்டு பருவமா! நான் என்னத்தைத் தின்னுவேன்?

— பிரிட்சர்ட்கிட்ட கேளுங்க. தட்டு அனுப்புவான்.

— சொந்தக் கொழுந்தன் அண்ணி நான்.

— அதனாலதான் நான் சொல்றேன். வேற யாராவது சொன்னா வன்மம்னு ஆயிடும். சரி, கேக்கிறேன், நிஜத்தைச் சொல்லுங்க. கறிக்காக மட்டும் அப்படிச் சொல்ற ஆளு நீங்க இல்ல. ஏன் சொன்னீங்க?

— சிரிப்பீங்க.

— சிரிச்சா சிரிச்சிட்டுப் போறேன். சொல்லுங்க.

— காரைவிட்டு இறங்கினவன் தொப்பியைக் கழட்டினான் அண்ணி. கழட்டிட்டு, "கிரோவ்னர் சார், உங்களோட ரெண்டு நிமிசம் பேசலாமா"ன்னான். சார்! எங்கப்பா எழுபது வயசு வரைக்கும் இருந்தார். அவர் சாகற வரைக்கும் வெள்ளைக்கார மளிகைக் கடைக்காரன் அவரை "டேய் பையா"ன்னுதான் கூப்பிட்டான். நான் மாவு மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துல நிப்பேன். அறுபது வயசு தாண்டி என்னை ஒருத்தன் சார்ங்கறான். உடனே அடுத்த கேள்வி, "நீங்கதானே தலைவர்?" இல்லன்னு சொன்னா அந்தச் சாரைத் திருப்பி எடுத்துக்குவானோன்னு இருந்துச்சு. வாய் தானாச் சொல்லிடுச்சு.

— காலைத் தள்ளி வைங்க. துடுப்பு இடிக்குது.

— ஏன் திட்டாம வர்றீங்க?

— திட்டறதுக்கு வார்த்தை தேடறேன். ஒண்ணும் அகப்பட மாட்டேங்குது. எரிச்சலா இருக்கு.

— நிதானமாத் தேடுங்க. துறை வந்திடுச்சு. அண்ணி... அங்க நிக்கிற வெள்ளைச் சட்டை யாரு?

— உங்க விசிறிதான். காகிதத்தோட வந்திருக்கான்.

— படகைத் திருப்புங்க!

— திருப்பினா இன்னும் மோசம். இறங்குங்க. வாயைத் திறக்காதீங்க, போன தடவை திறந்தது போதும்.

— வணக்கம் கிரோவ்னர் சார்! வணக்கம் மேடம். நான் பிரிட்சர்ட், கவுன்ட்டி ஆபீஸ். உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். ஒரு சின்னச் சாட்சிக் கையெழுத்து.

— எதுக்குச் சாட்சி?

— இவர்தான் இந்த ஊர்த் தலைவர்ங்கறதுக்கு. எங்க வக்கீலுக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி. ஆமான்னு சொன்னீங்கன்னா அடுத்த வாரமே வேலை ஆரம்பிச்சிடும்.

— இல்லன்னு சொன்னா?

— அப்ப கிரோவ்னர் சார் அரசாங்கக் காகிதத்துல பொய்க் கையெழுத்துப் போட்டதா ஆயிடும். கேஸ், ஜெயில்னு போகும். ஆனா நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்.

— அண்ணி, நான்...

— நீங்க சும்மா இருங்க கொழுந்தனாரே. பிரிட்சர்ட் சார், இவர் தலைவர்தான்.

— அண்ணி!

— ரொம்ப நன்றி மேடம். இங்க ஒரு கையெழுத்து...

— அதாவது, தலைவரா இருந்தார். எங்க ஊர்ல கடல் தண்ணி ஒரு தடவை ஏறி இறங்கற வரைக்கும்தான் ஒருத்தருக்குப் பதவி. அவர் போட்ட கையெழுத்துக்கும் அதுவரைக்கும்தான் உயிர். நீங்க அன்னிக்குக் கார்ல ஏறி ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள அது செத்துப்போச்சு சார்.

— என்ன மேடம் இது, இதுவரைக்கும் யாருமே சொல்லலையே!

— நீங்க கேக்கலையே. தலைவர் யாருன்னுதான் கேப்பீங்க, எவ்வளவு நேரம்னு கேட்டதில்ல.

— அப்ப இப்போதைக்குத் தலைவர் யாரு?

— நான்தான்.

— நல்லதாப் போச்சு. நீங்களே போடுங்க.

— போடலாம். தண்ணி திரும்பிக்கிட்டிருக்கே, பாருங்க. பேனா மூடியை நீங்க திறக்கறதுக்குள்ள பதவி கோர்டீலியாவுக்குப் போயிடும். அவ சர்ச்சுக்குப் பின்னால கோழி உரிச்சுக்கிட்டிருக்கா. அவ கை கழுவி வர்றதுக்குள்ள நேட்டுக்குப் போயிடும். நேட் எழுந்திருக்கிற பருவம் எனக்கே தெரியாது.

— இந்த விதி எழுத்துல இருக்கா?

— சதுப்புல எதை எழுதி வைக்கிறது சார்? நண்டு தின்னுடும்.

— நான்... நான் வக்கீலைக் கேக்கணும். முழு விண்ணப்பத்தையும் முதல்லேருந்து போடணும் போலிருக்கே.

— போடுங்க. கூட்டம் கூடும்போது கொண்டுவாங்க, எல்லாரையும் கேளுங்க. பார்த்துப் போங்க, அங்க வழுக்கும்... சொன்னேனே! எழுந்துட்டீங்களா? போயிட்டு வாங்க.

— போயிட்டான்! அண்ணி, போயிட்டான்! இடுப்பு வரைக்கும் சேறு! அறுபது வருசமா இந்த ஊர்ல இருக்கேன், இப்படி ஒரு விதி இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே!

— எனக்கும் அவன்கிட்ட சொல்லும்போதுதான் தெரியும்.

— ஐயோ, என் தெய்வமே! நின்ன நிலையில ஊருக்கு ஒரு சட்டம் போட்டுட்டீங்களே! ஜெயிலும் போச்சு, ரோடும் போச்சு! சிரிங்க அண்ணி! ஏன் இப்படிக் கல்லு மாதிரி நிக்கிறீங்க?

— கொழுந்தனாரே, இப்ப நான் என்ன பண்ணினேன்?

— என்னைக் காப்பாத்தினீங்க. ஊரைக் காப்பாத்தினீங்க.

— யாரைக் கேட்டு?

— யாரையும்... அடக் கடவுளே. அண்ணி, நீங்களும் "நான்தான்"னு சொல்லிட்டீங்க!

— கூட்டம் கூடற சர்ச்சு ஜன்னல்ல பாருங்க.

— மொத்த ஊரும் நிக்குது. எல்லாம் கேட்டிருக்கும் போலயே. கோர்டீலியா கையில இன்னும் கோழி இருக்கு.

— சரி, முன்னால போங்க. குத்தம் சொல்றதுக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லுங்க. நான் உங்க பக்கத்துல உக்காரணும்.