மூன்று இயந்திரச் சத்தம்

கயிறு உள்ளங்கையை உரிக்கிறது. இழுக்கிறேன். ஏணி வரவில்லை. கீழே அதில் ஒருவன் ஏறிக்கொண்டிருக்கிறான். தோளில் துப்பாக்கி.

செவ்வாய்க்கிழமை. காலை ஆறு நாற்பது. மலேசியாவின் ஜொகூரில் ஏற்றிய செம்பனை எண்ணெயுடன் எங்கள் கப்பல் நிற்கிறது. போர் நடக்கும் ஒரு நாட்டின் ஆற்று முகத்துவாரம். கப்பலில் பத்தொன்பது பேர். தமிழர் இருவர்தான். நான் மேல்தள வேலையாள். முனியாண்டி சமையல்காரன், ஜொகூரில் பெக்கான் நானாஸ் ஊர்க்காரன், என் அறைத் தோழன்.

தினமும் காலையில் எங்கள் காவலுக்கு ஒரு படகு வரும். சாம்பல் நிறம். அந்த நாட்டு ராணுவத்தின் வேகத் தாக்குதல் படகு. நான் கயிற்றேணி இறக்குவேன். முனியாண்டி அவர்களுக்குத் தேநீர் கொடுப்பான். அந்தப் படகுக்கு இரண்டு இயந்திரம். அன்று கேட்டது மூன்று. காது சரியாகச் சொன்னது. புதுப் படகு போலிருக்கிறது என்று என் மடப்புத்தி சொன்னது. ஏணியை இறக்கிவிட்டேன்.

"ஏணிய தூக்கு லா! நம்ம ஆளுங்க இல்ல!"

முனியாண்டி கத்துகிறான். தேநீர்க் கேன் உருள்கிறது. சமையல் கத்தியோடு ஓடி வருகிறான். ஒரு பக்கக் கயிற்றை அறுத்தான். ஏணி முறுக்கியது. மறுபக்கமும் அறுத்தான். ஏறியவன் ஏணியோடு தண்ணீரில் விழுந்தான். படகிலிருந்து சுட்டார்கள். டப். டப். டப். முனியாண்டி என் மேல் சாய்ந்தான். என் சட்டை சூடாக நனைந்தது. தேநீர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு இரண்டு இயந்திரச் சத்தம் வந்தது. எங்கள் காவல் படகு. வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். பாவிகள், கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

ஏற முயன்றார்கள் என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். ஏணியை இறக்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது குளுவாங்கில் தனியாக இருக்கிறேன். கடல் இல்லாத ஊராகப் பார்த்து வந்தேன். தெருவில் மோட்டார் சைக்கிள்கள் சேர்ந்து போனால் எண்ணுகிறேன். மூன்று என்றால் சோறு இறங்காது. ஞாயிறுதோறும் முனியாண்டியின் மனைவி போன் செய்கிறாள்.

"அண்ணே, சாப்ட்டீங்களா? நீங்களாச்சும் தப்பிச்சு வந்தீங்களே."

அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்தபின் கூப்பிடமாட்டாள். என்னைக் கூப்பிட வேறு ஆளும் இல்லை. பயமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

போனவை: கயிற்றேணி ஒன்று. தேநீர்க் கேன் ஒன்று. முனியாண்டி, வயது நாற்பத்தொன்று.

தப்பியவர்கள் பதினெட்டுப் பேர். ஏணியை இறக்கியவன் அந்தப் பதினெட்டில் ஒருவன், தங்கச்சி. நான்தான்.