லண்டனுக்குப் போகவிருந்த கடுக்காய்

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“என் கடுக்கா கப்பலேறி லண்டனுக்குப் போயிடுமாம்க்கா. அதான் புடிச்சி வெச்சிக்கினாரு.”

“யாருடி?”

“மலையடிவாரத்து ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டுக்காரருதான். போன வாரம் கீழ இருக்கற தங்கச்சிக்கு வாயெல்லாம் புண்ணு, கஞ்சிகூட எறங்கல. கொப்பளிக்கட்டும்னு ஒரு பை கடுக்கா எடுத்துக்கினு மலைய வுட்டு எறங்கனேன். பர்மிட் எங்கன்றாரு.”

“ஒரு பைக்கா?”

“வெள்ளக்காரன் காலத்துல தோல் பதம் போட கப்பல் கப்பலா கொண்டுபோனாங்களாம். சர்க்காரக் கேக்காம காயி மலைய வுட்டு எறங்கக் கூடாதுன்னு அப்பவே போட்ட சட்டமாம். எங்கூருக்கு பஸ்ஸே ஒழுங்கா வர்றதில்ல, கப்பலு எங்கேருந்து வரும்னேன். காயின்னாதான் கச்சாப் பொருளு, பொடின்னா வுட்டுடலாம்னாரு.”

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரும் நின்று காதுகொடுத்தார்.

“நீ இன்னாடி பண்ண?”

“தங்கச்சி அங்க பட்டினி கெடக்கறா. எனக்கு அழுகையே வந்துடுச்சி. அவரு வாசல்லயே கல்ல வெச்சி இடிக்க ஆரம்பிச்சேன். வந்த பஸ்ஸும் போயிடுச்சி. பாவமா இருந்திச்சோ இன்னாவோ, அவரும் ஒரு கல்லு எடுத்தாந்து கூட ஒக்காந்து இடிச்சாரு.”

“தங்கச்சி சாப்ட்டாளா?”

“ரெண்டு நாள்ல சோறே தின்னா. ஆனா இடிக்கும்போதே பாதிப் பொடி பறந்துடுச்சிக்கா. காத்து கீழ்ப்பக்கமாதான் அடிச்சிச்சி. அவரு எழுந்து, வண்டிய நிறுத்தறாப்ல கையக் காட்டிப் பாத்தாரு. காத்து நிக்கல.”