சாட்சிக் கையெழுத்து

இல்லண்ணா, போடமாட்டேன்னு சொல்லல. பேனாவக் குடுங்க. ஒரு தடவ முழுசாப் பாத்துட்டுப் போடறேனே. சட்டக் கல்லூரியில மூணாவது வருஷம் இருந்துகிட்டு, படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்னா சிரிப்பாங்க.

நீங்க உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல கோயில் துணி இருக்கு. பீடத்துல விரிக்கறது. உங்கம்மா படுக்கைல விழறதுக்கு முந்தின வாரம் தேய்ச்சு, அட்டைக் குழல்ல சுத்தி வச்சது. மடிச்சா கோடு விழுமாம், அந்தக் கோடு பூசை நேரத்துல அவங்க கண்ண உறுத்துமாம். இப்படி உக்காருங்க.

சரி. ஆயர் அவர்களுக்கு. எங்கள் பங்குச் சாமியாரை உடனே நீக்க வேண்டும். ம். ரெண்டாவது பத்தி. என் தாயார் மரணத் தறுவாயில் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறப் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பியபோது, உடனிருந்த கீழ்வீட்டு மாணவி மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் சாமியார் எடுக்கவில்லை. இதற்கு அம்மாணவியே சாட்சி.

மூணு முறைன்னா சொன்னேன்? இருக்கும். அன்னிக்கு மாடிப்படியில போறவங்க வர்றவங்க எல்லாரும் கேட்டாங்க, சொல்லச் சொல்ல ஒண்ணு கூடியிருக்கும்.

உங்க கோவம் எனக்குப் புரியுதுண்ணா. ஒரு பகல் பூரா பஸ்ல உக்காந்து வந்து, வாசல்ல செருப்புக் கூட்டத்தப் பாத்தே தெரிஞ்சுக்கறதுன்னா சும்மாவா. அதோட, அவங்க ஆசப்பட்டது அந்த ஒண்ணுதான்னு கேட்டா யாருக்குத்தான் வயிறு எரியாது.

அதான, எனக்கும் சாமியாருக்கும்தான் ஆகாதே. இத மொதல்ல நானே எழுதியிருப்பேன்னுதான எல்லாரும் நெனைக்கறாங்க. இளைஞர் கூட்டத்துல நடந்தது உங்க காதுக்கும் வந்துடுச்சா? சொல்றேன். நான் கேட்டது நியாயமான கேள்வி. கடவுளுக்கும் மனுஷனுக்கும் நடுவுல எதுக்கு இன்னொரு ஆளு? ஞானஸ்நானம் வாங்கின ஒவ்வொருத்தரும் குருதான், பூசை வைக்கற சாமியார் மட்டுமில்ல, இத நான் கண்டுபிடிக்கல, திருச்சபையே ஒத்துக்குது. சிலுவையில பலி ஒரே தடவ நடந்துச்சு. குடுத்தவரும் ஒருத்தர்தான். மீட்பு அங்கயே முடிஞ்சுபோச்சு. அப்புறம் அங்கி போட்டவங்கல்லாம் எதுக்கு, வாசல்ல டிக்கெட் கிழிக்கவான்னு கேட்டேன்.

அவரு கோவப்படல. நடுவுல நிக்கறதுக்கு இல்லம்மா, பக்கத்துல நிக்கறதுக்குன்னாரு. அதுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்களே போதுமேன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. விட்டிருக்கணும் நான். விடாம இழுத்துகிட்டே போனேன். கடைசில அவரு, நீ ஒரு தடவயாவது தோத்துப் பாரும்மான்னாரு. அதுக்கும் சிரிச்சாங்க, இந்தத் தடவ என்னப் பாத்து. பைய எடுத்துட்டு எழுந்து வந்துட்டேன். அந்தாளா வந்து மன்னிப்புக் கேக்கற வரைக்கும் ஒரு வார்த்த பேசறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம் ரெண்டே வாரத்துலதான் இது.

தண்ணி குடிக்கறீங்களா? சரி, சொல்லிடறேன்.

மத்தியானம் மூணு மணி இருக்கும். பெரியம்மாவக் கவனிச்சுக்கற அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாங்க. நான் இந்த ஜன்னலோரமா பரிட்சைக்குப் படிச்சுகிட்டிருந்தேன். பெரியம்மா தெளிவாத்தான் இருந்தாங்க. ஏய் வக்கீலு, சாமியாருக்கு ஒரு போனப் போடுன்னாங்க. என்ன அப்படித்தான் கூப்புடுவாங்க. நம்பர் அதோ சுவத்துல அவங்களே பெருசா எழுதி ஒட்டினது.

ஒடனே போட்டிருக்க வேண்டியதுதான. நான் பேச ஆரம்பிச்சேன். எதுக்குப் பெரியம்மா அவரு, கடவுள்கிட்டயே நேரா சொல்லுங்க, அவருக்குத் தமிழ் தெரியாதான்னேன். சத்தியமா நல்லதுக்குதான்ணா சொன்னேன். வாழ்நாள் பூரா துணி தேய்ச்சே குனிஞ்ச மனுஷி, சாகறப்பவாவது நிமிந்து இருக்கட்டும்னு. அப்படித்தான் அப்ப எனக்கே நான் சொல்லிகிட்டேன்.

அவங்க மூச்ச இழுத்துப் புடிச்சு, உன் கேஸ அப்புறமா ஜெயிச்சுக்கோடி, இப்ப போனப் போடுன்னாங்க. நான் விடல. சிலுவை அன்னிக்கே கோயில் திரை கிழிஞ்சாச்சு, கதவு தெறந்தாச்சுன்னு என்னென்னமோ எடுத்து விட்டேன். மூச்சுக்குத் தவிக்கறவங்க எதிர்ல வாதாடறது எவ்ளோ சுலபம் தெரியுமா? பதிலே வராது.

அப்புறம், சரி, எல்லாரும் குருங்கற இல்ல, நீயே கேளு, கேட்டுட்டு மன்னிச்சாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுன்னாங்க. குத்தலா இல்லண்ணா. நெசமாத்தான் கேட்டாங்க. என் கையப் புடிச்சுகிட்டாங்க. பேச ஆரம்பிச்சுட்டாங்க.

ரெண்டு வாக்கியம் சொல்லியிருப்பாங்க.

இல்ல, அத நான் சொல்லமாட்டேன். கோவிச்சுக்கோங்க, பரவால்ல. உங்களப் பத்தியா, வேற யாரப் பத்தியா, எதையும் கேக்காதீங்க. அவங்க அத கீழ்வீட்டுப் பொண்ணுகிட்ட சொல்லல. என்ன என்னவா நெனச்சு சொன்னாங்களோ, அதுக்கு இந்த ஒண்ணையாவது காப்பாத்திக்கறேன்.

ரெண்டு வாக்கியத்துக்கு மேல என்னால கேக்க முடியல. கூச்சமா, பயமா, என்னன்னு தெரியல. மன்னிச்சாச்சுன்னு நான் எப்படி சொல்றது? வாயே வரல. இளைஞர் கூட்டத்துல அவ்ளோ வந்துச்சு. இருங்க இருங்க பெரியம்மா, அவரையே கூப்புடறேன்னு கைய விடுவிச்சுகிட்டேன். போன எடுத்துகிட்டு பால்கனிக்குப் போனேன். திரும்பி வந்து, எடுக்கல, மறுபடி பாக்கறேன்னேன். மறுபடி போனேன், வந்தேன். பரவால்ல, வேலையா இருப்பாரு, வருவாருன்னாங்க. முக்கா மணி நேரம் வாசலையே பாத்துகிட்டு இருந்தாங்க. அப்புறம் பாக்கல.

பாருங்க, நீங்க அழணும்னு இத சொல்லல. நாலாவது பத்தியப் பத்திதான் பேசணும். கல்லறைல குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார்னு எழுதியிருக்கீங்க. ஆமா, ஒப்புக்கிட்டாரு. அத்தன பேரு முன்னாடி கையக் கூப்பி, நான் வந்திருக்கணும், வரல, என்ன மன்னிச்சுடுங்கன்னு உங்ககிட்ட கேட்டாரு. பெட்டியத் தொடாதீங்கன்னு நீங்க சொன்னீங்க. தொடல. கல்லறை கேட்டுக்கு வெளிய போய் வெயில்ல நின்னாரு, கடைசி மண்ணு விழற வரைக்கும். நான் உங்களுக்கு ரெண்டு ஆள் பின்னாடிதான் நின்னேன்.

அன்னியிலேருந்து அத யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். அவரு போன் அவரு பையிலயேதான இருந்துச்சு. எடுத்து உங்க முன்னாடி நீட்டினா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். ஏன் நீட்டல? அவருக்குத் தெரியும்ணா. நான் நிக்கறதையும் பாத்தாரு. என்னப் பாத்துட்டுதான் உங்க பக்கம் திரும்பிக் கையக் கூப்பினாரு.

இல்ல, அவரு சொல்லி நான் பேசல. அதுக்கப்புறம் அவர நான் பாக்கவே இல்ல.

ரெண்டாவது பத்திய அடிச்சுடறேன். அதுக்குப் பதிலா ஒண்ணும் எழுத வேணாம். மூணு தடவயும் இல்ல, ரெண்டு தடவயும் இல்ல. நான் நம்பரே அழுத்தலண்ணா. அந்தாள்கிட்ட நானா போய்க் கேக்கறதான்னு, பெரியம்மா கண்ணுக்குத் தெரியற மாதிரி போனக் காதுல வச்சுகிட்டு நின்னேன், அவ்ளோதான்.