அர்ச்சுனன் தட்டு

அலோ... அலோ... பெங்களூருங்களா? கிராமபோன் கடைங்களா?... மிஷினு பழுது பாக்கற சின்னப்பன் இருக்காருங்களா... நானு அவரு தங்கச்சி புருசன் சவுரியப்பன், தருமபுரி தபாலாபீசுல இருந்து பேசறங்க. ட்ரங்கால்ங்க, வெரசாக் கூப்புடுங்க...

மச்சான்... ஆமாங்க, நாந்தான்... சொகந்தாங்க... செல்லம்மாளா? அவளுக்கென்ன. அத அப்பறம் சொல்றேன். மூணு நிமிசத்துல கட் பண்ணிருவாங்க. எனக்கு ஒரு மிஷினு வேணும்... பாட்டுக் கேக்கறது இல்லீங்க, பாட்டப் புடிக்கறது. நாம பாடுனா தட்டுல பதியுமே, அது...

எதுக்கா? செல்லம்மா பாடறதுக்கு, நான் கித்தாரு வாசிக்கறதுக்கு... திடீர்னுதான்... சரி, சொல்லிர்றேன். இங்க புளி மண்டி அர்ச்சுனன் ஒண்ணு வாங்கியாந்துட்டான். ஊரே அர்ச்சுனன் தட்டு, அர்ச்சுனன் தட்டுன்னு அவன் வூட்டுல போயி குமியுது. அவன் தொண்ட எனக்குத் தெரியாதா. ஓட்டப் பானையில நண்டு உட்டாப்பல இருக்கும்.

நீங்க மிஷினச் சொல்லுங்க... ம்... ரெண்டு தினுசா... சாவி குடுக்கறது ஒண்ணு... ஆமா... கொழாய்க்குள்ள மூஞ்ச வுட்டுப் பாடணுமா? கித்தாரு?... கித்தாரு சரியா உழாதா? அப்ப அது வேண்டாங்க... மைக் வெச்சது? கரண்டு எங்க தெருவுக்கு இன்னும் வரலீங்களே. அர்ச்சுனன் தெருவுக்குத்தான் வந்திருக்குது, எல்லாம் அவனுக்குத்தான் வருது... பாட்டரியா? அது கெடைக்கும். தொப்பூருக் கணவாயில லாரி ஓட்டறவன் ஒருத்தன் பழக்கம்.

ஒரே மைக்குங்களா?... பாடறவங்க கிட்டக்க... நானு எட்டத் தள்ளியா? எத்தன தூரம்?... ஆறடியா. ஏனுங்க, என் கித்தாரு கேக்க வேணாமா... சரி சரி, கோவிச்சுக்காதீங்க. நாலடி...

வெத்துத் தட்டு எத்தன வாங்கணும்?... ஒருக்கா பதிஞ்சு கோடு உழுந்தா அழிக்க முடியாதா. இருமுனாக்கூடவா... ஆமா... ஆமா... அர்ச்சுனன் வெச்சிருக்கறத விட ஒசத்தியா இருக்கணும், அவ்வளவுதான்.

பொறாமதாங்க. இல்லேன்னா சொன்னேன்? பத்து நாளா வயிறு எரியுது மச்சான். உங்க தங்கச்சி தெனமும் சாயங்காலம் அந்தத் தட்டக் கேக்கப் போறா. மொத நாளு போயிட்டு வந்து பக்கத்து வூட்டு ராமக்காகிட்ட சொல்றா, "அவரு மாதிரி இந்த ஊருல யாருக்கு வரும்"னு. என் காதுபடச் சொல்றா. அன்னிக்கே கித்தாரக் கோணியில கட்டிப் பரண்ல போட்டுட்டேன். போட்ட வேகத்துல மொதத் தந்தி அறுந்தே போச்சு. தொடல. அவகிட்ட பேசவுமில்ல.

என்ன சிரிக்கறீங்க... உங்களுக்கா? கடுதாசி போட்டாளா... என்னிக்கி?... என்னான்னு...

நானு ஏன் போயிக் கேக்கறேன். அவன் பாட்டக் கேக்கறதுக்கு அவன் வூட்டுப் படி ஏறுவனா... ஆமா, தட்டுன்னா ரெண்டு பக்கந்தான்... ஒரு பக்கம் அவன் பாட்டு. சரி. அந்தப் பக்கம்?...

கித்தாரா?

இந்த ஊருல கித்தாரு என்னுட்டத் தவுர யாருகிட்ட... மாதா கோயில் திருநாள்லயா... ஆமா, நானு வாசிச்ச மேடையில, துணி மூடி ஒரு பொட்டி இருந்துச்சு. நானு ஆர்மோனியப் பொட்டின்னு நெனச்சேன்... அதா அர்ச்சுனன் மிஷினு... எனக்குத் தெரியாமப் புடிச்சிட்டானா...

அப்ப "அவரு"ன்னா... ஆமாங்க, புருசன் பேர அவ சொல்ல மாட்டா. அர்ச்சுனனச் சொல்லணும்னா "அர்ச்சுனண்ணன்"னுதான் வாய் நெறையச் சொல்லுவா. அது கூட எனக்கு உறைக்கல பாருங்க...

கடுதாசியில வேற என்ன எழுதியிருக்கறா... மெதுவாச் சொல்லுங்க... "வூட்டுல வாசிக்கறத நிறுத்திட்டாரு. அங்க போயாச்சும் கேட்டுட்டு வர்றேன்"...

ம்...

அப்ப பத்து நாளும் என் கித்தாரக் கேக்கத்தான் போயிருக்கறா.

ஆனாலும் ஒண்ணு சொல்றேன். என் வாசிப்பு அவன் வூட்டு அலமாரியில இருக்குது பாருங்க, அது இன்னும் எரியத்தான் செய்யுது... சிரிங்க, சிரிங்க...

மிஷினா? இப்ப வேணாங்க. அப்பறம் பாக்கலாம். ஒரு தந்தி மட்டும் உடனே அனுப்புங்க... தந்தி, தந்தி... ஐயா, போஸ்ட்மாஸ்டரய்யா, ஃபாரம் எடுக்காதீங்க, நானு சொல்றது கித்தாருத் தந்தி... உங்ககிட்ட இல்லீங்க மச்சான். மொதத் தந்தி, மெல்லிசா இருக்குமே... நாளைக்கே கெடைக்கற மாதிரி... செல்லம்மாளுக்கு எழுதிராதீங்க, நாம பேசுனத... மச்சான்... அலோ... அலோ...

கட்டாயிப்போச்சுங்கய்யா. இந்தாங்க, வெச்சுட்டேன்... மணி என்னங்க, அஞ்சா? அவ இந்நேரம் அர்ச்சுனன் வூட்டுலதான் இருப்பா... நானும் அங்கதாங்க போறேன். அந்தத் தட்ட இன்னும் நானு கேக்கல.